ஒரு தேசத்தின் ஆன்ம சோதனை



பாவசங்கீர்த்தனத்திற்குச் செல்லுமுன் ஆன்ம சோதனை செய்ய வேண்டுமென்று சிறுவயதிலேயே ஞானோபதேச வகுப்பில் படித்திருக்கிறோம். தனிமனிதர் செய்யும் இச்சோதனையை ஒரு தேசமும் செய்ய முடியுமா? ஜேர்மனிய மக்களின் வரலாறு இதற்கு விடை தருகின்றது.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். 1945இல் அவ்வாட்சி வீழ்ந்தபோது ஏறக்குறைய 60 இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டிருந்தனர். இது நடந்தது காட்டுமிராண்டிகளின் நாட்டிலன்று; திருமுழுக்குப் பெற்றவர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த நாட்டில். உழைப்பு, ஒழுங்கு, கீழ்ப்படிவு ஆகியன ஜேர்மனியரின் பெருமைக்குரிய குணங்கள். அந்தக் குணங்களே தீமைக்கு ஊழியஞ் செய்தன. எழுதுவினைஞர் பட்டியல் எழுதினார். புகையிரத ஊழியர் வண்டியை நேரந் தவறாமல் அனுப்பினார். ஒவ்வொருவரும் தம் கடமையைச் செய்ததாகவே எண்ணினர்.

வேறு வழி இருக்கவில்லையா? பேர்லின் பேராலயத்தின் குருவான பேர்ன்ஹார்ட் லிக்டன்பேர்க் அடிகளார், 1938 நவம்பரில் யூத செபக்கூடங்கள் எரிக்கப்பட்ட பின்னர், யூதருக்காக வெளிப்படையாக மன்றாடினார். 1941இல் கைதாகி, 1943இல் டக்காவ் முகாமுக்குக் கொண்டுசெல்லப்படும் வழியில் உயிர்துறந்தார். 1996இல் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தது. ஆனால் அவரைப் போன்றோர் மிகச் சிலரே.

போர் முடிந்ததும் மனஸ்தாபம் உடனே வந்துவிடவில்லை. 1945 ஆகஸ்டில் கத்தோலிக்க ஆயர்கள், தம்மவர் பலரும் பொய்ப் போதனைக்கு மயங்கியதைச் சுற்றுமடலில் ஏற்றுக்கொண்டனர். வீடுகளிலோ மௌனமே நிலவியது. இடிந்த நகரங்களையும் இழந்த பிள்ளைகளையும் பற்றிப் பேசினர். யூத அயலவரைப் பற்றிப் பேசவில்லை. 1963 முதல் 1965 வரை பிராங்க்பேர்ட் நகரில் அவுஷ்விட்ஸ் முகாம் வழக்கு நடந்தது. குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களில் மருந்தாளரும் பல்வைத்தியரும் இருந்தனர். அதன் பின்னரே பிள்ளைகள் பலர் தந்தையரிடம், "அந்நாட்களில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்கத் தொடங்கினர்.

1970 டிசம்பர் 7ஆம் திகதி மேற்கு ஜேர்மனியின் ஆட்சித் தலைவர் வில்லி பிராண்ட், வார்சோ நகரில் யூதர் நினைவுச் சின்னத்தின் முன் முழந்தாளிட்டார். அவரோ நாசிகளுக்குத் தப்பி நாட்டைவிட்டு ஓடியவர், அக்குற்றத்தில் பங்கற்றவர். தானியேல் இறைவாக்கினர் தாம் செய்யாத பாவத்தையும் "எங்கள் பாவம்" என்று அறிக்கையிட்டதை இது நினைவூட்டுகிறதல்லவா? ஆயினும் அக்காலக் கருத்துக் கணிப்பொன்றில் 48 சதவீதத்தினர் அவரது செயல் மிகையானது என்றே கூறினர்.

1985 மே 8ஆம் திகதி ஜனாதிபதி வைற்செக்கர் ஆற்றிய உரையில், தோல்வியுற்ற அந்நாளை விடுதலை நாள் என அழைத்தார். குற்றம் தந்தையிடமிருந்து மகனுக்கு வருவதில்லை. ஆனால் நினைவுகூரும் பொறுப்பு எல்லாருக்கும் உண்டு என்பதே அவ்வுரையின் சாரம்.

மனஸ்தாபத்தின் பின் பரிகாரம் வேண்டும். 1952இல் இஸ்ரவேல் நாட்டுடன் இழப்பீட்டு உடன்படிக்கை செய்யப்பட்டது. குற்றமாகும் கட்டளைக்குப் படைவீரர் பணியலாகாது என 1956இல் சட்டம் வந்தது. கொல்லப்பட்டவர்கள் வாழ்ந்த வீடுகளின் முன், அவர்களின் பெயர் பொறித்த சிறு பித்தளைக் கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. ஐரோப்பாவெங்கும் இவை ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டவை. 2020இல் ஜேர்மனிய ஆயர்கள், போரை எதிர்க்கத் தவறிய தம் முன்னோரும் அதற்கு உடந்தையாயினர் என அறிக்கையிட்டனர். 75 ஆண்டுகள் சென்றன, இந்தச் சொல் வருவதற்கு!

"இனிப் போதும்" என்னும் குரல் இன்றும் அங்கே எழுகின்றது. மனமாற்றம் பரம்பரைச் சொத்தல்ல. ஒவ்வொரு தலைமுறையும் அதைப் புதிதாகக் கற்க வேண்டும். தன் மக்களின் பாவத்தை ஒப்புக்கொள்பவன் தன் மக்களை வெறுப்பவனல்லன்; அவர்களைக் குணப்படுத்த விரும்புபவன்.

குடும்பமாகச் சிந்திக்க:

1. கீழ்ப்படிவு எப்போது புண்ணியம்? எப்போது பாவம்?

2. நாம் செய்த தீமையை மட்டுமன்றி, கண்டும் பேசாதிருந்த தீமையையும் ஆன்ம சோதனையில் நினைக்கிறோமா?

3. நம் பிள்ளைகள் கடந்த காலத்தைப் பற்றிக் கேட்கும்போது உண்மையைச் சொல்கிறோமா?