பழி வந்த நாட்களில் நாம்



2025 ஜூலை 17 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. 2020 மார்ச்சில், கொரோனா ஊரடங்கு நேரத்தில், வெளிநாட்டு தப்லீக் ஜமாஅத்தினரைப் பள்ளிவாசல்களிலும் வீடுகளிலும் தங்க வைத்ததாக 70 இந்தியர்கள் மீது போடப்பட்டிருந்த 16 வழக்குகளையும் ரத்து செய்தது. நம்மில் பலர் அந்தச் செய்தியைக் கவனிக்கவே இல்லை. அதற்கு முன்பே, 2020 ஆகஸ்ட் 21 அன்று, மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை 29 வெளிநாட்டவர் மீதான வழக்குகளை ரத்து செய்தபோது அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகவே சொல்லியிருந்தது. பழி ஊரெல்லாம் பரவ இரண்டு மூன்று நாள்தான் ஆனது. அது நீங்க ஐந்து வருடம் பிடித்தது.

அந்த நாட்களை நம் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லப் போகிறோம்? நமக்கு நடந்ததை மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

2020 ஏப்ரல் தொடக்கத்தில் தினமும் மாலை தொலைக்காட்சியில் தொற்றுக் கணக்கு சொல்வார்கள். எண்ணிக்கையோடு டெல்லி மாநாடு என்ற பேரும் சேர்ந்தே வரும். சில நாள் கழித்து சுகாதாரத் துறையே அந்தப் பேரைத் தவிர்த்துவிட்டு வேறு சொல்லுக்கு மாறியது. நம் தர்மபுரி மாவட்டத்தில் ஏப்ரல் பாதி கடந்தும் ஒரு தொற்றுகூடப் பதிவாகவில்லை. அப்படியிருந்தும் தொப்பியையும் தாடியையும் பார்த்து ஒதுங்கியவர்கள் இங்கேயும் உண்டு.

நம் மஹல்லாவில் தள்ளுவண்டியில் தக்காளியும் கீரையும் விற்கும் சகோதரர் ஒருவர் இருக்கிறார். வழக்கமாகப் போகும் தெருவில் இரண்டு வீட்டார் அவரைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். மனம் விட்டுப்போய் அந்தத் தெருவுக்கே போவதை நிறுத்திக்கொண்டார். பத்துப் பதினைந்து நாள் கழித்து ரேஷன் கடை வரிசையில் அந்தத் தெருக்கார அம்மா ஒருவர் கேட்டாராம்: "ஏன் பாய், எங்க தெரு மேல என்ன கோபம்? காய் வாங்க சந்தை வரைக்கும் நடக்க வேண்டியிருக்குதே." கதவைச் சாத்தியது இரண்டு வீடு. மீதி முப்பது வீடும் அவரை எதிர்பார்த்துக்கொண்டிருந்திருக்கின்றன. இதை அவரே நம்மிடம் சொல்லிச் சிரித்தார். நம்மைத் தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்ற வலியில் நாமும் பிறரைத் தப்பாகப் புரிந்துகொள்கிறோம். அதிகம் பேசப்படாத விஷயம் இது.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது மதீனாவில் அவதூறு கிளம்பிய வரலாற்றை நாம் பயானில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஏறத்தாழ ஒரு மாதம் அந்தப் பேச்சு சுற்றியது. அதை வாய்விட்டுப் பேசியவர்களில் மிஸ்தஹ் (ரலி) ஒருவர். அவர் அபூபக்ர் (ரலி) அவர்களின் உறவினர், ஏழை, அவர்களின் உதவியில் வாழ்ந்தவர். சொந்த மகள் மீது சொன்ன பழி! இனி உதவுவதில்லை என்று அபூபக்ர் (ரலி) சத்தியம் செய்தார்கள். தகப்பன் மனது வேறென்ன செய்யும்? ஆனால் மன்னிக்கச் சொல்லி சூரா நூரில் வசனம் இறங்கியதும், அந்த உதவியைத் திரும்பத் தொடங்கினார்கள்.

அதே நாட்களில் அபூ அய்யூப் (ரலி) அவர்களின் வீட்டிலும் அந்தப் பேச்சு வந்தது. அவர்கள் தம் மனைவியிடம், நீ இப்படிச் செய்வாயா என்று கேட்டார்கள். மாட்டேன் என்றார் மனைவி. ஆயிஷா உன்னைவிடச் சிறந்தவராயிற்றே என்றார்கள். அந்த வீட்டுக்குள் வந்த வதந்தி அங்கேயே நின்றது. நம் வாட்ஸ்அப் குழுக்களில் எத்தனை பேர் இப்படி ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பகிர்கிறோம்?

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். 2020ல் வந்த விமர்சனம் எல்லாமே பொய் என்று சொல்ல முடியாது. டெல்லி போய் வந்தவர்கள் பரிசோதனைக்கு வர வேண்டும் என்று அரசு கேட்டது நியாயம். தமிழ்நாட்டில் நூற்றுக்கணக்கானோர் தாமாகவே வந்து பேர் கொடுத்தார்கள். பயத்தில் தயங்கியவர்களும் இருந்தார்கள். அவர்களை நாம் அன்றே எடுத்துச் சொல்லி அழைத்து வந்திருக்கலாம். குணமான ஜமாஅத்தினர் டெல்லியில் பிளாஸ்மா கொடுத்தார்கள். தொற்றில் இறந்த மருத்துவர் ஒருவரை அடக்கம் செய்யப் போனவர்கள் மீது சென்னையில் கல்லெறிந்த காலம் அது. அந்தப் பயத்துக்கு நடுவில், மதம் பார்க்காமல் இறந்தவர்களை அடக்கம் செய்யவும் எரியூட்டவும் தமிழ்நாடு முழுவதும் முஸ்லிம் இளைஞர்கள் போனார்கள். அவர்கள் யாரிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

நம் அறக்கட்டளை மீதும் பேச்சு வந்ததுண்டு. ஒரு ரமலானில் அரிசிப் பையைத் தெரிந்தவர்களுக்கே கொடுத்தோம் என்றார்கள். நமக்குக் கோபம் வந்தது, கூட்டம் போட்டுப் பதில் சொல்லலாம் என்றுகூட நினைத்தோம். பிறகு பட்டியலைச் சரிபார்த்தால், வேண்டியவர்களுக்கு மட்டும் கொடுத்தோம் என்பது பொய். ஆனால் கணவரை இழந்த சகோதரி ஒருவரின் பேர் உண்மையிலேயே விடுபட்டிருந்தது. அன்று இரவே பையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். பேச்சைக் கிளப்பியவரை அடுத்த வருடம் பட்டியல் எடுக்கும் குழுவில் சேர்த்தோம். இப்போது அவர்தான் வீடு வீடாகப் போகிறார்.

அந்த வருடத்திலிருந்து வரவு செலவுக் கணக்கைப் பள்ளிவாசலில் ஒளூ செய்யும் இடத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுகிறோம். பெண்களும் பார்க்க வேண்டும் என்பதால் மதரஸா வாசலில் ஒரு பிரதி இருக்கும். ஏதாவது பேர் விடுபட்டிருந்தால் ஜும்ஆ முடிந்ததும் வந்து சொல்லுங்கள்.