பொம்மைக்குள்ளே ஓர் ஊர்!



1982-இல் டெல்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு 'அப்பு' என்ற யானைக்குட்டி சின்னமாக இருந்தது. ஜப்பானில் விளையாட்டுப் போட்டிக்கு மட்டுமல்ல, ஊருக்கு ஊர் இப்படி ஓர் அடையாளப் பொம்மை உண்டு! இவற்றை 'யுரு கியாரா' என்பார்கள். 'யுருய்' என்றால் இறுக்கமில்லாத என்று பொருள். 'கியாரா' என்பது கேரக்டர் என்பதன் சுருக்கம். இந்தப் பெயரை வைத்தவர் ஜுன் மியுரா என்ற எழுத்தாளர். பெரிய பொம்மை உடைக்குள் ஆள் புகுந்து ஆடி ஆடி நடந்து வந்தால் பார்க்கிற யாருக்கும் சிரிப்பு வரும்.

சும்மா சிரிப்புக்கு மட்டும்தானான்னு கேக்கிறீங்களா? இல்லை. மூன்று பொம்மைகளைப் பார்ப்போம்.

1. ஹிகோன்யான்

ஹிகோனே நகரக் கோட்டையின் 400-ஆம் ஆண்டு விழா 2007-இல் நடந்தது. அதற்காகப் பிறந்த வெள்ளைப் பூனை இது. தலையில் சிவப்புக் கவசம். ஏன் சிவப்பு? அந்தக் கோட்டையை ஆண்ட 'ஈ' வம்சத்தின் படைவீரர்கள் சிவப்புக் கவசம்தான் அணிவார்கள். சரி, ஏன் பூனை? அந்த வம்சத்து ஈ நவோதகாவை ஒரு கோயில் பூனை கையசைத்து உள்ளே கூப்பிட்டதாம். அவரும் போனார். உடனே வெளியே இடி, மழை! பூனையால் தப்பித்தார் என்பது கதை. ஆக, ஒரு பொம்மைக்குள் ஊர் வரலாறே இருக்கு!

2. குமாமோன்

குமாமோத்தோ மாகாணத்தின் கருப்புக் கரடி. 'குமா' என்றால் கரடி. அந்த ஊர் இருக்கும் கியூஷு தீவில் இன்று காட்டுக் கரடியே கிடையாது! ஊர்ப் பெயரில் கரடி இருப்பதால் பொம்மையும் கரடியானது, அவ்வளவுதான்.

2011 மார்ச்சில் புல்லட் ரயில் பாதை முழுமையாகத் திறக்க இருந்தது. பயணிகள் நம்ம ஊரில் இறங்காமல் நேரே போய்விடுவார்களோ என்று மாகாணத்துக்குக் கவலை. அதனால் 2010-இல் குமாமோன் வந்தது. ஒசாகா நகருக்குப் போய் விசிட்டிங் கார்டு கொடுத்தது! இதன் படத்தைப் பொருள்களில் போட உள்நாட்டு வியாபாரிகள் அனுமதி வாங்கினால் போதும், கட்டணம் இல்லை என்றார்கள். படம் நாடு முழுக்கப் பரவியது.

2016 ஏப்ரல் 14, 16 தேதிகளில் குமாமோத்தோவில் பயங்கர நிலநடுக்கம். பலர் இறந்தனர். பல்லாயிரம் பேர் வீட்டை விட்டு வெளியேறினர். கோட்டையின் கற்சுவர்கள் சரிந்தன. குமாமோனும் வெளியே வரவில்லை. "குமாமோன் எங்கே?" என்று ஜனங்க கேட்டார்கள். மூன்று வாரம் கழித்து, மே 5, ஜப்பானில் குழந்தைகள் தினம். அன்று நிஷிஹாரா கிராமத்தின் மழலையர் காப்பகத்துக்குக் குமாமோன் போனது. பிள்ளைகள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். ஊரை விளம்பரம் செய்யப் பிறந்த பொம்மை, துக்க நேரத்தில் ஊரின் சொந்தக்காரனாக நின்றது.

3. மிராய்தோவா

டோக்கியோ ஒலிம்பிக்கின் பொம்மை. 'மிராய்' என்றால் எதிர்காலம், 'தோவா' என்றால் என்றென்றும். இதைத் தேர்ந்தெடுத்தது யார் தெரியுமா? நம்மைப் போன்ற பிள்ளைகள்! மூன்று ஜோடிப் படங்களைப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். ஆரம்பப் பள்ளிகளில் வகுப்புக்கு ஒரு ஓட்டு. பிள்ளைகள் பேசி முடிவெடுக்க வேண்டும். 2 லட்சத்துக்கும் அதிகமான வகுப்புகள் ஓட்டுப் போட்டன. 2018 பிப்ரவரியில் முடிவு வந்தது. கொரோனாவால் போட்டி தள்ளிப்போய் 2021-இல் நடந்தது.

பொம்மை செய்துவிட்டால் மட்டும் ஊர் வளர்ந்துவிடாது. எத்தனையோ பொம்மைகளை ஜப்பான்காரர்களே மறந்துவிட்டார்கள். ஊரின் கதை உள்ளே இருந்து, ஊர் மக்களோடும் பழகினால்தான் அது நிலைக்கும்.

சிந்திக்க:
1. ஹிகோன்யானின் கவசம் ஏன் சிவப்பு?
2. கரடி இல்லாத ஊருக்குக் கரடிப் பொம்மை எப்படி வந்தது?
3. வீடு இழந்த குழந்தைக்கு ஒரு பொம்மையால் என்ன செய்ய முடியும்?