கச்சானுக்கு முன் பூக்க வேண்டும்

திருகோணமலையில் சூரியகாந்தி நட நினைப்பவர் எருவையும் விதையையும் தேடுவதற்கு முன் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். ஒக்டோபரில் பிடிக்கும் மாரி ஜனவரிவரை வளவை நனைத்துக்கொண்டே இருக்கும். அந்த ஈரத்தில் போட்ட விதை அழுகும்; தப்பி முளைத்தாலும் வெயில் போதாமல் நெடுநெடுவென்று வளர்ந்து சாயும். வைகாசி கடைசியில் கச்சான் தொடங்கிவிட்டாலோ வேறு கதை. மேற்கே மழையைக் கொட்டிவிட்டு வறண்டு வரும் அந்தக் காற்று இலையைக் கருக்கும், ஆளுயரத் தண்டையும் ஒரே இரவில் முறித்துப் போடும். இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் மாதங்கள்தான் நமக்கு. தைப்பொங்கல் கழிந்து மழை ஓய்ந்ததும் விதையுங்கள். பங்குனியில் பூ வரும், சித்திரை கடைசியில் விதை முற்றும்.

எங்கள் வளவு உப்புவெளியில். கடற்கரை மணல், ஊற்றிய தண்ணீர் கண்முன்னே காணாமல் போகும். முழுப் பாத்தியையும் திருத்தப் புறப்பட்டால் எருவுக்கே காசு கரையும். செடிக்கு ஒரு குழி போதும்: ஒரு முழ ஆழம் வெட்டி, மட்கிய மாட்டெருவும் இலைக்குப்பையும், கழுவிய தும்புத்தூள் கொஞ்சமும் கலந்து மூடிவிடுவேன். 2022 பொருளாதார நெருக்கடியில் வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்லி அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தார்களே, அந்த நாட்களில் மரவள்ளிக்கு வெட்டிய குழிகளில்தான் இப்போது சூரியகாந்தி நிற்கிறது. கோடை முற்ற முற்றக் கடலோரக் கிணறுகள் உவர்ப்பேறும். வாயில் வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். சூரியகாந்தி ஓரளவு உப்பைத் தாங்கும், ஆனால் முளைக்கும் பருவத்தில் தாங்காது.

ஆணிவேர்ச் செடி என்பதால் நாற்று பிடுங்கி நடுவது வீண் வேலை. நிற்க வேண்டிய இடத்திலேயே, ஓர் அங்குல ஆழத்தில், குழிக்கு இரண்டு விதை ஊன்றி, வளர்ந்தபின் வலுவானதை மட்டும் விடுங்கள். நெட்டை வகையானால் செடிக்குச் செடி ஒன்றரை அடி இருக்கட்டும். முழங்கால் உயரம் வந்ததும் அடியில் மண் அணைத்து, கிளிரிசிடியாத் தடி ஒன்றை நட்டுத் தளர்வாகக் கட்டினால் காற்றுக்குக் கொஞ்சம் தைரியமாக இருக்கலாம். அசுவினி, மாவுப்பூச்சிக்கெல்லாம் வேப்பங்கொட்டைக் கரைசலே போதும்.

பூச்சியைவிடப் பெரிய விருந்தாளி நம் ஊருக்கென்றே உண்டு. பிரெட்ரிக் கோட்டைப் புள்ளிமான்கள் நகரத் தெருக்களில் மாடுபோல் திரிவதை வெளியூர்க்காரர் படமெடுத்து மகிழ்வார்கள். கோட்டைக்குக் கிட்ட வீட்டுத்தோட்டம் வைத்திருப்பவருக்குத்தான் அதன் விலை தெரியும். ஒற்றைப் பூ வகையில் நுனிக் குருத்தைக் கடித்துவிட்டால் அந்தப் பெரிய பூ போனதுதான். ஓர்ஸ்ஹில் பக்கம் இருக்கும் என் சிநேகிதி வேலிக்குப் பழைய மீன்வலை தேடினார். கேட்ட மீனவர், “வலை தாறன் அக்கா, ஆனா தொங்கவிட்டுக் கட்டாதேங்கோ, கொம்பு சிக்கினா மான் செத்துப்போகும்” என்றாராம். சரியான புத்தி. வலையை விறைப்பாக, கம்புக்குக் கம்பு இழுத்துக் கட்ட வேண்டும். கிடுகு வேலி அதைவிட நல்லது; உள்ளே என்ன இருக்கிறதென்று மானுக்குத் தெரியாது.

இனி இடம். இதை ஒருவரும் முதலில் சொல்வதில்லை. இளஞ்செடி பகலெல்லாம் சூரியனோடு திரும்பும், இரவில் மறுபடி கிழக்குக்கு வந்து நிற்கும். பூ முழுதாக விரிந்ததும் அந்த ஆட்டம் நின்றுவிடும். அதன்பின் கிழக்கு பார்த்தபடியே. காலை வெயிலில் சீக்கிரம் சூடேறும் பூவுக்குத் தேனீக்கள் அதிகம் வருகின்றன என்று கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். நமக்கு இதில் வேறொரு கணக்கு இருக்கிறது. வீட்டுக்குக் கிழக்கே, கடல்பக்க வேலியோரம் நட்டால் பூ கடலைப் பார்த்துச் சிரிக்கும், விறாந்தையில் தேநீரோடு இருக்கும் உங்களுக்கு முதுகுதான். வளவின் மேற்குப் பக்கம் நடுங்கள்.

நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் நூற்றுக்கணக்கான சின்னப் பூக்களின் கூட்டம். ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி, வளையம் வளையமாக, ஒரு வாரம் பத்து நாளுக்கு விரியும். தேனீ வராத வளவில் விதை பதராகும். அந்த நாட்களில் காலை ஒன்பது மணிக்குமேல் மெல்லிய துணியால் ஒரு பூவைத் தடவி, அதே துணியால் அடுத்ததைத் தடவுங்கள். பக்கத்தில் முருங்கை பூத்திருந்தால் தேனீ தானே வரும், அந்த வேலையும் மிச்சம்.

மஞ்சள் இதழ் உதிர்ந்ததும் கிளியும் அணிலும் வந்துவிடும். வெங்காயம் வரும் வலைப்பையால் தலையை மூடிக் கட்டுங்கள். பொலித்தீன் வேண்டாம், வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். பூவின் முதுகு பச்சை மாறி மஞ்சளாகி, பழுப்பேறத் தொடங்கும்போது ஒரு சாண் தண்டோடு வெட்டி நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் காயவையுங்கள்.

விதை எடுத்து வைப்பவர்கள் பொதியைப் படித்துப் பார்க்கவும். கலப்பின வகையானால் அதன் விதை தாய்ச்செடிபோல் வராது. குட்டையும் நெட்டையுமாக ஆளுக்கொரு திக்கில் நிற்கும். அடுத்த தையிலும் அதே பூ வேண்டுமென்றால் புதுப் பொதி வாங்குங்கள்.