மீட்டர் ஒலித்தால் வீட்டுக்குள் கதிரியக்கமா?

கேள்வி: ஃபுகுஷிமா அணு உலை விபத்து பற்றிய படத்தில், பூட்டிக் கிடந்த ஒரு வீட்டுக்குள் மீட்டரை நீட்டியதும் அது படபடவென ஒலித்தது. கதவு, ஜன்னல் சாத்தியிருந்தும் கதிரியக்கம் எப்படி உள்ளே போனது? அதை எப்படி அளக்கிறார்கள்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: உள்ளே போயிருக்க வேண்டும் என்றே அவசியமில்லை. 2011 மார்ச்சில் வெளியேறியவற்றில் அயோடின்-131 எட்டு நாளுக்கொரு முறை பாதியாகிச் சில மாதங்களில் தீர்ந்துவிட்டது. மிஞ்சியது சீசியம். மழையோடும் பனியோடும் இறங்கி, கூரையிலும் தோட்டத்து மண்ணிலும் ஒட்டிக்கொண்டது. அதன் காமாக் கதிருக்கு ஜப்பானிய மரவீட்டுச் சுவர் பெரிய தடையல்ல. வெளியே இருப்பதில் 40 சதவீதம் உள்ளே வரும், மக்கள் தினமும் 8 மணி நேரம்தான் வெளியே இருப்பார்கள் என்று வைத்துக்கொண்டு, ஆண்டுக்குக் கூடுதலாக 1 மில்லிசீவர்ட் கதிர்வீச்சுக்கு மேல் கூடாது என்ற இலக்கை மணிக்கு 0.23 மைக்ரோசீவர்ட் என்று ஜப்பான் அரசு மாற்றிக்கொண்டது. இயற்கைக் கதிர்வீச்சும் இதில் அடக்கம். வயலிலேயே கிடக்கும் விவசாயிக்கு இந்த 8 மணி நேரக் கணக்கு எப்படிப் பொருந்தும்?

சரி, மீட்டர் ஒலிப்பது கூரையாலா, அறைத் தூசியாலா? தட்டை முகப்புள்ள கைகர் கருவியைத் தரையை ஒட்டிப் பிடித்து எண்ணிக்கையைக் குறித்துக்கொள்வார்கள். பிறகு நடுவில் 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டை நுழைப்பார்கள். தகடு சீசியத்தின் பீட்டாத் துகளை நிறுத்திவிடும். காமா ஊடுருவிப் போகும். எண்ணிக்கை சடாரென விழுந்தால் சீசியம் அந்தத் தரையிலேயே இருக்கிறது. கிட்டத்தட்ட அப்படியே நின்றால், வருவது வேறிடத்திலிருந்து.

அடுத்து, துடைத்துப் பார்ப்பது. ஃபிரிட்ஜின் மேல்பக்கம், கதவு நிலையின் மேல்விளிம்பு, எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கை என்று யாரும் துடைக்காத இடங்களாகத் தேடி, பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் பரப்பை வடிகட்டித் தாளால் அழுத்தித் துடைத்து, தாளைத் தனியே வைத்து எண்ணுவார்கள். தாளில் ஒட்டுவது குழந்தையின் கையிலும் ஒட்டும். மரத்தில் ஊறிப்போனதை இந்த முறை காட்டாது.

என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது வேக்கூம் கிளீனர் பையைத்தான். வீட்டின் மொத்தத் தூசியும் அதில் இருக்கும். ஜெர்மானியம் டிடெக்டரில் வைத்தால் 662 கிலோஎலெக்ட்ரான்வோல்ட் இடத்தில் சீசியம்-137 தனியே எழும்பும். கிலோவுக்கு எத்தனை பெக்கரல் என்று சொல்லிவிடலாம்.

சத்தத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அதே கருவியை உங்கள் வீட்டுக் கருங்கல் படியில் வைத்தாலும் விட்டுவிட்டு ஒலிக்கத்தான் செய்யும். அடுத்த முறை படத்தில் எண்ணைக் காட்டினால், எந்த அலகு, தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று கவனியுங்கள். இரண்டும் இல்லாவிட்டால் அந்த எண்ணால் பயனில்லை.