அறுபத்தொன்பதும் எழுபதும்

குடியாட்சி என்றால் என்ன என்று சிறு பிள்ளைகளுக்குச் சொல்லித்தர நினைக்கும் டில்லிப் பள்ளிகள், அவர்களைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய்ப் பழைய பாராளுமன்றக் கட்டடத்தைக் காட்டிவருவது வழக்கம். வட்ட வடிவம், 144 தூண்கள், 1921இல் அடிக்கல், 1927 ஜனவரி 18இல் திறப்பு விழா, கட்டடக் கலைஞர்கள் லுட்யன்ஸ், பேக்கர் என்று பிள்ளைகள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்கள். எல்லாம் உண்மையே. ஆயினும் இதில் குடியாட்சி எங்கே இருக்கிறது? தூண்களை எண்ணப் பழகிய பிள்ளை, செங்கோட்டைக்குப் போனாலும் தூண்களைத்தான் எண்ணும். அங்கே மன்னர் ஆண்டார், இங்கே மக்கள் ஆளுகிறார்கள் என்ற வேறுபாடு கல்லைப் பார்த்தால் தெரியாது. உள்ளே உட்கார்ந்தவர் யார், அவரை அங்கே அனுப்பியவர் யார் என்ற கணக்கைப் பார்த்தால்தான் தெரியும்.

இந்தக் கணக்கைக் காட்டுவதற்கு ஏற்ற கட்டடம் ஒன்று நம் பல்கலைக்கழகத்துக்கு அருகிலேயே இருக்கிறது. மெட்ரோவில் அடுத்த நிலையம். பழைய தலைமைச் செயலகம் என்று பெயர். இன்று டில்லிச் சட்டமன்றம் அங்கே கூடுகிறது. நம்மில் பலர் அதன் வெள்ளை முகப்பை நாள்தோறும் கடந்து போகிறோமே தவிர, உள்ளே நடந்ததை அறிந்தவர் சிலரே.

தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாற்றுவதென 1911இல் அறிவித்துவிட்டார்கள். புது டில்லி எழும்பப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரைக்கும் பயன்படட்டும் என்று 1912இல் கட்டிய கட்டடம் இது. 1913 முதல் 1926 வரை இந்தியாவுக்கான சட்டங்கள் இங்கேதான் இயற்றப்பட்டன. தொடக்கத்தில் கூடிய அவையின் கணக்கை 1909ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்திருந்தது. மொத்தம் 69 பேர். அவர்களில் 37 பேர் அரசாங்க அதிகாரிகள், மற்றவர் 32. அந்த 32லும் தேர்ந்தெடுக்கப்பட்டவர் 27 பேர்தாம். அவர்களைத் தேர்ந்தெடுத்தவர்களோ மாகாண அவை உறுப்பினர்கள், நிலக்கிழார்கள், வணிகச் சங்கத்தார் போன்ற சிலர்.

சென்ற குளிர்காலத்தில் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் ஒரு தொடக்கப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பை அங்கே அழைத்துச் சென்றார்கள். நம் சங்கத்து நண்பர் மூவரும் நானும் துணைக்குப் போனோம். பிள்ளைகள் 23 பேர். 69ஐ மூன்றால் வகுத்தால் 23! ஆய்வுக்கூடத்தில் அளவைச் சுருக்கி மாதிரி செய்து பழகிய எனக்கு இது போதாதா? 12 பேரை அதிகாரிகள் ஆக்கினோம். 11 பேர் மற்றவர்கள். விதி ஒன்றே ஒன்று. யாரும் எவ்வளவு நேரமும் பேசலாம். ஆனால் கைதூக்கும்போது அதிகாரிகள் பன்னிருவரும் ஆசிரியை சொல்லும் பக்கமே தூக்க வேண்டும்.

சாப்பாட்டுக்குப் பின் விளையாட்டுக் கிடையாது என்பது மசோதா. பதினொருவரும் மிக நன்றாகப் பேசினார்கள். ஒரு சிறுவன் அழுவதுபோல் நடித்தே காட்டினான். 12க்கு 11, மசோதா நிறைவேறியது. இன்னொன்று கொண்டுவந்தோம், மீண்டும் 12க்கு 11. மூன்றாவது முறை ஒரு சிறுமி எழுந்து, "அண்ணா, நாங்க பேசினாலும் பேசாட்டாலும் பன்னிரண்டுதானே?" என்று கேட்டாள். பாடநூலில் இரண்டு பக்கம் எழுதியும் விளங்காத ஒன்று அவளுக்குக் கால் மணி நேரத்தில் விளங்கிவிட்டது.

அப்போதுதான் ரௌலட் சட்டத்தின் கதையைச் சொன்னேன். விசாரணை இல்லாமலே ஒருவரைச் சிறையில் வைக்கலாம் என்ற அந்தச் சட்டம் 1919இல் இதே கட்டடத்தில் விவாதிக்கப்பட்டது. அதை எதிர்த்து உணர்ச்சியோடு பேசியவருள் ஒருவர் நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தவர். அரசாங்கத்துக்கு அவர் அவையிலேயே எச்சரிக்கை விடுத்தார். இருந்தும் சட்டம் நிறைவேறியது. மாளவியாவும் ஜின்னாவும் உறுப்பினர் பதவியைத் துறந்தார்கள்.

"தோத்துடுவோம்னு தெரிஞ்சும் அவர் ஏன் பேசினார்?" என்று அதே சிறுமி கேட்டாள். நான் விடை சொல்லாமல் மற்றவர்களைப் பார்த்தேன். ஒருவன், "எழுதி வச்சுக்குவாங்க" என்றான். மற்றொருவன், "யாராவது கேட்டுக்கிட்டு இருப்பாங்க" என்றான். உண்மையாகவே ஒருவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பார்வையாளராக வந்திருந்த காந்தியடிகள் அந்தப் பேச்சைக் கேட்டதைச் சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். வைசிராய் மெய்ம்மறந்து கேட்பதுபோல் தோன்றியதாம். ஆனால், தூங்குவதுபோல் கிடப்பவனை எழுப்ப முடியாது என்று நம் ஊரில் சொல்வார்களே, அந்தக் கருத்தையே அவரும் அவ்விடத்தில் சொல்கிறார். அந்த ஆண்டு ஏப்ரல் 6இல் நாடெங்கும் கடையடைப்பு, 13இல் ஜாலியன்வாலாபாக். சாஸ்திரியார் காந்தியின் சத்தியாக்கிரக வழியை ஏற்காதவர் என்பதைப் பத்து வயதுப் பிள்ளைகளிடம் நான் சொல்லவில்லை. அது மேல்வகுப்புக்கு உரியது.

1921க்குப் பின் கணக்கு மாறியது. புதிய அவையில் 145 பேர். 104 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். 1925இல் அவைத் தலைவர் பதவிக்கு நடந்த தேர்தலில் விட்டல்பாய் படேல் 58 வாக்கும், சென்னை ரங்காச்சாரியார் 56 வாக்கும் பெற்றார்கள். இரண்டே வாக்கு! எனினும் அவை தள்ளிய மசோதாவைத் தம் கையொப்பத்தால் சட்டமாக்கும் அதிகாரம் கவர்னர் ஜெனரலிடம் இருந்தது. இதையும் விளையாட்டாக்கினோம்; இம்முறை ஆசிரியையின் பேனா ஒன்றே போதுமானதாக இருந்தது.

பிறகு மண்டபத்துக்குள் போனோம். இன்று இங்கே 70 உறுப்பினர்கள். எழுபதின்மரும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். "ஒருத்தர்தானே கூட?" என்றான் ஒருவன். ஆள் கணக்கில் ஒன்றுதான் கூடுதல். தேர்ந்தெடுக்கப்பட்டவர் கணக்கில் 27 எங்கே, 70 எங்கே! பஸ் ஓட்டிவந்த மாமாவுக்கும் வாக்கு உண்டா என்று கேட்டார்கள். உண்டு, ஆசிரியைக்கும் அவருக்கும் ஆளுக்கு ஒன்றுதான். வயது வரம்பு 21இலிருந்து 18 ஆனது 1989இல் என்றதும், தங்களுக்கு இன்னும் எத்தனை ஆண்டு என்று விரல் விட்டு எண்ணினார்கள். இன்றும் டில்லியின் காவல்துறையும் நிலமும் பொது ஒழுங்கும் இந்த மன்றத்தின் கையில் இல்லை, மத்திய அரசிடமே உள்ளன என்பதையும் மறைக்காமல் சொன்னோம்.

உத்தரமேரூரை ஏன் சொல்லவில்லை என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். ஒரு சிறுவன் தாத்தா சொன்னதாக அதையும் கேட்கத்தான் செய்தான். பராந்தக சோழன் காலத்துக் குடவோலை நமக்குப் பெருமை தருவதே. ஆனால் அது வாக்கை எண்ணும் முறையன்று. குடத்திலிருந்து ஓலை எடுக்கும் முறை. சொந்த நிலமும் வீடும் உள்ள, 35க்கு மேல் 70க்குள் வயதுடைய கற்றவர் பெயரையே ஓலையில் எழுதினார்கள். அந்த ஓலையை எடுத்துக் கொடுத்தவனோ ஒரு சிறு பையன்! இதைக் கேட்டுப் பிள்ளைகள் மகிழ்ந்த மகிழ்ச்சி சொல்லி முடியாது.

மாலையில் பழைய பாராளுமன்றத்தை வெளியிலிருந்து பார்த்தோம். 2023 முதல் அதற்கு அரசமைப்பு மாளிகை எனப் பொருள்படும் 'சம்விதான் சதன்' என்று பெயர். அதன் மைய மண்டபத்தில் 1946 டிசம்பர் 9 முதல் 1949 நவம்பர் 26 வரை உழைத்தவர்கள்தாம் வயது வந்த அனைவருக்கும் வாக்கு என்று எழுதிவைத்தார்கள். 1951-52இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் ஏறத்தாழ 17 கோடிப் பேருக்கு வாக்குரிமை இருந்தது. தூண் எத்தனை என்று யாரும் கேட்கவில்லை. "உள்ளே எத்தனை பேர்?" என்றுதான் கேட்டார்கள்.

வரும் குளிர்காலத்தில் வேறு இரண்டு பள்ளிகளையும் அழைத்துச் செல்ல எண்ணம். முன் அனுமதி வாங்கப் பல நாள் ஆகும். தீபாவளிக்கு முன்பே எழுதிவிட வேண்டும். பிள்ளைகள் எண்ணிக்கை 23ஆக அமையாவிட்டால் பங்கீட்டை மாற்றிக்கொள்ளலாம். அதிகாரிகள் ஒருவர் கூடுதலாக இருந்தால் போதும். துணைக்கு வர விரும்பும் நண்பர்கள் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்க வேண்டுகிறேன். இந்தி நன்றாகப் பேசுவோர் இருவராவது தேவை.