கொழுந்துத் தராசும் மின்னளவும்

மலையகத் தோட்டங்களிற் கொழுந்து நிறுக்க இன்று மின்னணுத் தராசும் வந்துள்ளது. நானுஓயா மாணாக்கர் அதன் இயல்பை அறிதல் வேண்டும். தாயாரின் கூலி அதிலன்றோ தொங்குகிறது!

பாரத்தை உணரி நுண்ணிய மின்னழுத்தமாக்கும். அதனை எண்ணாக மாற்றுவது இலக்கமாற்றி. தனக்கு ஊட்டப்பெற்ற ஒப்பீட்டு மின்னழுத்தத்தின் பங்காகவே அது எதனையும் அளக்கும். அரிசி அளக்குங் கொத்துச் சிறுத்தால் எண்ணிக்கை பெருகுமல்லவா? அதுபோலவே இதுவும்.

சான்றாக, 10 துவித இலக்க மாற்றியில் ஒப்பீடாகிய 5 வோல்ற்று 1024 படிகளாகும்; படியொன்று ஏறக்குறைய 4.9 மில்லிவோல்ற்று. உணரி தருவதோ முழுப் பாரத்திற்கும் 10 மில்லிவோல்ற்றளவே. பெருக்காவிடின் இரண்டே படிகள்! மிகைப்படப் பெருக்கினாலோ 5 வோல்ற்றைக் கடந்து, உச்ச எண்ணாகிய 1023இல் நின்றுவிடும். மேலிட்ட கொழுந்து கணக்கில் ஏறாது.

மின்கலஞ் சோர்ந்து ‘கொத்து’ச் சிறுத்தால்? நல்ல தராசில் உணரிக்கும் மாற்றிக்கும் ஒரே மின்னழுத்தத்தையே ஊட்டுவர். இரண்டும் ஒருங்கே தாழ்வதால் விகிதம் மாறாது.