சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சை வேட்பாளராக மனுத் தாக்கல் செய்யும் முறை

தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தலில் கட்சிச் சார்பின்றிப் போட்டியிட விரும்புபவர், 25 வயது நிறைந்தவராகவும் மாநிலத்தின் ஏதேனும் ஒரு தொகுதியில் வாக்காளராகவும் இருத்தல் வேண்டும். தேர்தல் செலவுக்கெனத் தனி வங்கிக் கணக்கை, மனுத் தாக்கலுக்கு ஒரு நாள் முன்பாவது தொடங்கிவிட வேண்டும்.

அடுத்து, முன்மொழிபவர்களைத் திரட்ட வேண்டும். வேட்பாளரின் பெயரை முன்வைத்து மனுவில் கையொப்பமிடும் வாக்காளரே முன்மொழிபவர் எனப்படுகிறார். அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் போதும். சுயேச்சைக்கோ அதே தொகுதியைச் சேர்ந்த பத்துப் பேர் தேவை. மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் களத்தில் நின்ற 1996ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின்னர், அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு இவ்விதி வந்தது. பதின்மரின் பாக எண்ணையும் வரிசை எண்ணையும் துணைப்பட்டியல் உட்பட நடப்பு வாக்காளர் பட்டியலுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது இன்றியமையாதது. ஏனெனில், ஒருவர் பெயர் நீக்கப்பட்டிருந்தாலும் எண்ணிக்கை ஒன்பதாகி மனு தள்ளுபடியாகும். நான்கு மனுக்கள் வரை அளிக்கச் சட்டம் இடந்தருவதால், வெவ்வேறு பதின்மரைக் கொண்டு இரண்டாம் மனுவையும் அளிப்பதே பாதுகாப்பு. கையொப்பத்துக்குப் பதிலாகக் கைரேகை வைப்பவரைத் தேர்தல் நடத்தும் அலுவலர் அல்லது அதற்கென அதிகாரம் பெற்ற அலுவலர் முன்னிலைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

மனுவுடன் இணைக்கும் படிவம் 26, குற்ற வழக்குகள், சொத்து, கடன், கல்வி ஆகியவற்றை உறுதிமொழியின் பேரில் தெரிவிக்கும் பிரமாணப் பத்திரமாகும். அதில் எந்தக் கட்டத்தையும் வெற்றாக விடலாகாது. சொல்ல ஏதுமில்லாத இடத்தில் "இல்லை" என்றோ "பொருந்தாது" என்றோ எழுத வேண்டும். தேர்தல் நடத்தும் அலுவலர் நினைவூட்டிய பின்னும் நிரப்பப்படாத பத்திரத்தைக் கொண்ட மனுவை நிராகரிக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்துள்ளது. வேட்பாளரைப் பற்றி அறிவது வாக்காளரின் உரிமை என்பதால், இப்பத்திரத்தை வெறும் சடங்காகக் கருதுவது பெருந்தவறு.

வைப்புத்தொகை ரூ.10,000; பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ரூ.5,000. காசோலை ஏற்கப்படாது. மனுக்கள் காலை 11 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை பெறப்படும். மனுவை அளித்த கையோடு, வேட்பாளருக்கென அரசமைப்புச் சட்டம் விதித்துள்ள உறுதிமொழியும் எடுத்துவிடுவது நல்லது. பரிசீலனை நாளுக்கு முன் அதை எடுக்காதவரின் மனு செல்லாது. பரிசீலனையின்போது வேட்பாளர் நேரில் இருந்தால், எழும் ஆட்சேபங்களுக்கு உடனே விடையளிக்க இயலும்.

வெற்றி தோல்வி எதுவாயினும், வைப்புத்தொகையை இழந்திருந்தாலுங்கூட, முடிவு அறிவிக்கப்பட்ட 30 நாட்களுக்குள் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும். தக்க காரணமின்றித் தவறுபவரை மூன்றாண்டுகள் தகுதிநீக்கம் செய்யத் தேர்தல் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.